மக்கள்தொகை, குடியேற்றம், புதுப்பிக்கத்தக்க எரிபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கள்தொகை பெருகுவதால்தான் எரிபொருள் போதவில்லை என்று ஒருவர் சொல்வார். வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிவதுதான் காரணம் என்பார் இன்னொருவர். பயிரிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சும் எப்போதும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டே வருவதால், அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அங்கே கணக்கு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

உலக மக்கள்தொகை இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறதா?

கூடுகிறது, ஆனால் வேகம் குறைந்துவிட்டது. 1960இல் 300 கோடி, 1999இல் 600 கோடி, 2022 நவம்பரில் 800 கோடி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். வளர்ச்சி விகிதமோ 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டே கால். மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க 2.1 வேண்டும் என்பார்கள், அதை நெருங்கிவிட்டோம்.

ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு அதன்பின் மெல்ல இறங்கும். சீனாவில் 2022இலேயே இறக்கம் தொடங்கிவிட்டது. தென் கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான்.

இன்னும் 200 கோடிப் பேர் சேரப்போகிறார்கள் என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கும் விளக்கு வேண்டும், அடுப்பு வேண்டும், போக்குவரத்து வேண்டும். ஆனால் முடிவே இல்லாத பெருக்கம் என்று வைத்துக்கொண்டு எரிபொருள் திட்டம் போட்டால் அந்தத் திட்டம் அடிப்படையிலேயே தப்பாகிவிடும்.

ஆள் கூடக் கூட எரிபொருள் தீர்ந்துபோகாதா?

இந்தப் பயத்துக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. 1798இல் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் மால்தஸ் உணவை வைத்து இதைத்தான் சொன்னார். நம் காலத்தில் இதற்கு ஒரு பந்தயமே நடந்தது. 1980இல் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன், உயிரியல் அறிஞர் பால் எர்லிக்கிடம், “எந்த மூலப்பொருளை வேண்டுமானாலும் எடுங்கள், விலை ஏறாது” என்கிற ரீதியில் சவால் விட்டார். எர்லிக் தரப்பு தாமிரம், குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களையும் பத்து ஆண்டுக் கெடுவையும் தேர்ந்தெடுத்தது. அந்தப் பத்து ஆண்டில் உலகில் 80 கோடிப் பேர் கூடினார்கள். ஆனாலும் பணவீக்கம் கழித்துப் பார்த்தால் விலைகள் இறங்கியிருந்தன. 1990இல் எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார்.

இதை வைத்து “வளம் ஒருபோதும் தீராது” என்று முடிவு கட்டுவது அவசரம். வேறு சில பத்தாண்டுகளை எடுத்திருந்தால் எர்லிக்தான் ஜெயித்திருப்பார். பந்தயம் காட்டியது ஒன்றைத்தான்: தலைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பற்றாக்குறையைக் கணிக்க முடியாது. விலை ஏறினால் மனிதர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள், மாற்றுப் பொருள் தேடுகிறார்கள், புதிதாகத் தோண்டுகிறார்கள்.

எரிபொருள் விஷயத்தில் இதைப் பிரித்துப் பார்க்க ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா ஒரு எளிய கணக்கைத் தந்தார். எரிபொருள் எரிவதால் ஒரு நாடு காற்றில் விடும் கார்பன், அதாவது கார்பன் உமிழ்வு, நான்கு எண்களின் பெருக்கல்: மக்கள்தொகை, ஒருவருக்கான வருமானம், அந்த வருமானத்தை ஈட்டச் செலவாகும் ஆற்றல், அந்த ஆற்றலில் இருக்கும் கார்பன். 1990க்குப் பிறகு சீனாவின் மக்கள்தொகை சுமார் கால் பங்குதான் கூடியது. உமிழ்வோ நான்கு மடங்குக்கு மேல் போனது. பிரிட்டனில் நேர் எதிர். அதே காலத்தில் அங்கே மக்கள் 5.7 கோடியிலிருந்து 6.8 கோடி ஆனார்கள். நாட்டுக்குள் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களோ பாதிக்கும் கீழே போயின. இறக்குமதிப் பொருட்களில் ஒளிந்திருக்கும் கார்பனைச் சேர்த்தால் பிரிட்டனின் சாதனை கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் திசை மாறாது. நான்கு எண்களில் முதலாவதைப் பிடித்துத் தொங்குவதில் பெரிய பலன் இல்லை. கடைசி இரண்டில்தான் வேகமாக மாற்றம் கொண்டுவர முடிகிறது.

குழந்தைகள் அதிகம் பிறக்கும் ஏழை நாடுகள்தானே பிரச்சினை?

நைஜர் நாட்டைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள், உலகிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அங்கே ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 0.1 டன் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்காவில் ஒருவருக்கு 14 டன். இரண்டரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு முழு நாட்டின் உமிழ்வு, சில லட்சம் அமெரிக்கர்களின் உமிழ்வுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் குழந்தைகளைக் கைகாட்டி காலநிலை மாற்றத்துக்குக் காரணம் சொல்வது அநியாயம்.

பெண்கள் படிக்கவும், எத்தனை குழந்தை என்பதை அவர்களே முடிவு செய்யவும் வழி இருக்க வேண்டும். அது அவர்களுடைய உரிமை என்பதே போதுமான காரணம். கார்பனைத் துணைக்கு இழுக்கத் தேவையில்லை.

ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குடியேறுபவர் அதிக எரிபொருள் செலவழிக்க ஆரம்பிப்பாரே? அப்படியானால் குடியேற்றம் உலக உமிழ்வைக் கூட்டாதா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

குடியேற்றம் உலகின் மொத்த எண்ணிக்கையில் ஒருவரைக்கூடக் கூட்டுவதில்லை, இடம்தான் மாறுகிறது. பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024 கணக்கில் சுமார் 30 கோடிப் பேர், உலக மக்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்படி வருகிறவர் புது நாட்டின் வீடு, சாலை, மின்சார அமைப்புக்குள் நுழைகிறார். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்க வேண்டும், பேருந்து இல்லாத ஊரில் கார் வாங்க வேண்டும். ஆகவே அவருடைய தனிப்பட்ட செலவு ஏறத்தான் செய்யும்.

ஆனால் ஏற்றத்துக்குக் காரணம் அந்த அமைப்புதான். நிலக்கரி மின்சாரமும் கார் இல்லாமல் நகர முடியாத ஊர்களும் அங்கேயே பிறந்தவரையும் அப்படித்தான் செலவழிக்க வைக்கின்றன. மேலே சொன்ன பிரிட்டனில் இந்த நூற்றாண்டின் மக்கள்தொகை வளர்ச்சியில் பெரும்பங்கு குடியேற்றத்தால் வந்தது. அதே காலத்தில்தான் அந்த நாடு நிலக்கரியை விட்டு வெளியேறியது. கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே உமிழ்வு இறங்கியது.

இன்னொன்றும் உண்டு. “அவர்கள் ஏழையாகவே அங்கேயே இருந்தால் உலகத்துக்கு நல்லது” என்பதுதான் இந்த வாதத்தின் அடியில் கிடக்கிறது. சொந்த நாட்டிலேயே அவர்கள் வசதியாக வாழத் தொடங்கினாலும் இதே எரிபொருள்தான் செலவாகும். அப்போது அதையும் தடுக்கச் சொல்வோமா? வறுமையைக் காலநிலைக் கொள்கையாக வைத்துக்கொள்ள முடியாது.

குடியேறுபவர்கள் வந்தால் பெட்ரோல் விலை ஏறுமா?

ஏறாது. பெட்ரோல் விலை உலகச் சந்தையில் கச்சா எண்ணெயைப் பொறுத்தும் உள்நாட்டு வரியைப் பொறுத்தும் நிற்கிறது. உலகம் ஒரு நாளைக்கு 10 கோடி பீப்பாய் எண்ணெய் குடிக்கிறது. சில லட்சம் பேர் நாடு மாறுவது அதில் தெரியவே தெரியாது.

வீட்டு வாடகை வேறு விஷயம். 2023இல் கனடாவின் மக்கள்தொகை ஒரே ஆண்டில் 3.2 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட முழுக்கவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். வீடு கட்டும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, வாடகை அழுத்தம் கூடியது, 2024இல் அரசு எண்ணிக்கையைக் குறைத்தது. உள்ளூரிலேயே கட்டியாக வேண்டிய எதிலும் இந்த நெருக்கடி வரலாம். கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பக்கூடிய எண்ணெயில் வராது.

புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்றால் எதெல்லாம்?

கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து வரும் எத்தனால், பாமாயில், சோயா எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வரும் பயோடீசல், சாணம், கழிவு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் உயிர்வாயு, மரத்துகள் கட்டிகள், காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன். இவற்றில் மூத்தது விறகு. வெட்டிய மரம் மறுபடி வளர்வதற்குள் அடுத்த மரத்தை வெட்டாதவரை விறகு புதுப்பிக்கத்தக்கது. மக்கள்தொகையும் எரிபொருளும் உண்மையாகவே மோதிக்கொள்ளும் இடம் இதுதான்: காட்டின் வளர்ச்சி வேகத்தை அடுப்புகளின் எண்ணிக்கை தாண்டினால், புதுப்பிக்கத்தக்க எரிபொருள் அந்தத் தகுதியை இழந்துவிடுகிறது.

எத்தனால் பெட்ரோலை விட மலிவா?

பங்க்கில் லிட்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே தூரம் போக அதிக லிட்டர் ஊற்ற வேண்டும்.

இதைச் சாதாரண மக்களே மனக்கணக்காகப் போடும் நாடு பிரேசில். அங்கே பெரும்பாலான கார்கள் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்தக் கலவையிலும் ஏற்கும் வகை. 2003இல் சந்தைக்கு வந்தன. பங்க்குக்குள் வண்டியைத் திருப்பும்போதே ஓட்டுநர் பலகையைப் பார்த்து வகுத்துவிடுவார்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல்.

அந்த நிலைக்கு வர பிரேசில் கொடுத்த விலை பெரிது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975 நவம்பரில் எத்தனால் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1980களின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. எத்தனாலுக்கு அரசு தந்த விலை ஆலைகளுக்குக் கட்டவில்லை. சர்க்கரைக்கோ சந்தையில் நல்ல விலை கிடைத்தது. ஆலைகள் கரும்பைச் சர்க்கரைப் பக்கம் திருப்பின. 1989இல் எத்தனால் கார் வைத்திருந்தவர்கள் பங்க்குகளில் வரிசையில் நின்றார்கள். அடுத்த பத்தாண்டில் அந்தக் கார்களின் விற்பனை அநேகமாகச் செத்தே போனது. இரண்டு எரிபொருளும் ஏற்கும் கார் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. ஒரு பொருளின் விலைக்கு ஓட்டுநர் அடிமையாக வேண்டியதில்லை என்பதால்.

தாவர எரிபொருளின் பொருளாதாரம் முழுக்க இந்தக் கதைக்குள் இருக்கிறது. எத்தனாலின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் பயிரின் விலையே. அந்தப் பயிருக்குச் சர்க்கரைச் சந்தையும் தீவனச் சந்தையும் போட்டி. விற்பனை விலையை நிர்ணயிப்பதோ கச்சா எண்ணெய். இரண்டு பக்கமும் தன் கட்டுப்பாட்டில் இல்லாத விலைகளுக்கு நடுவே ஆலை நிற்கிறது.

அரசு கட்டாயமோ மானியமோ இல்லாமல் தாவர எரிபொருள் நிற்குமா?

ஓரளவுக்கு நிற்கும். அமெரிக்காவில் 2005, 2007 சட்டங்கள் கலப்பைக் கட்டாயமாக்கின. ஒரு காலனுக்கு 45 சென்ட் வரிச்சலுகை 2011 கடைசியில் முடிந்தது. அதன்பின்னும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பது தொடர்ந்தது. காரணம் ஆக்டேன். எஞ்சின் தட்டாமல் ஓட ஏதாவது ஒன்றைக் கலந்தாக வேண்டும். முன்பு ஈயம், பிறகு நிலத்தடி நீரைக் கெடுத்த எம்.டி.பி.இ. என்கிற ரசாயனம். அந்த வேலைக்கு எத்தனால் மலிவான, நச்சு குறைந்த பொருள்.

அந்தப் பத்து சதவீதத்துக்கு மேல் போக வேண்டுமானால் எண்ணெய் விலை உயர்ந்திருக்க வேண்டும், அல்லது சட்டம் தள்ள வேண்டும். 2020 வசந்த காலத்தில் ஊரடங்கால் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனபோது, எத்தனால் ஆலைகள் கூட்டம் கூட்டமாக நிறுத்தப்பட்டன.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டால் மைலேஜ் குறையுமா?

குறையும். ஆற்றல் கணக்குப்படி 10 சதவீதக் கலப்புக்குச் சுமார் 3 சதவீதம், 20 சதவீதக் கலப்புக்கு 6 முதல் 7 சதவீதம். எஞ்சினை அதற்கேற்ப வடிவமைத்திருந்தால் இழப்பு கொஞ்சம் குறையும். பழைய வண்டியில் ரப்பர் குழாய், சீல் போன்றவை எத்தனாலைத் தாங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகையால் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டியில் கவனம் தேவை.

ஒரு டேங்க் எத்தனாலில் எவ்வளவு உணவு போகிறது?

போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மக்காச்சோளத்திலிருந்து சுமார் 0.42 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 50 லிட்டர் டேங்க்கை முழுக்க எத்தனாலால் நிரப்ப 120 கிலோ சோளம் வேண்டும். ஒரு கிலோ சோளத்தில் ஏறக்குறைய 3,600 கலோரி. மொத்தம் 4,30,000 கலோரி. ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,200 கலோரி என்று வைத்தால், ஒருவர் ஆறு மாதத்துக்கும் மேல் சாப்பிடும் அளவு.

நேர்மையாகச் சொன்னால் இந்தக் கணக்கில் ஒரு கழித்தல் உண்டு. எத்தனால் எடுத்தபின் புரதமும் கொழுப்பும் மிஞ்சும். சோளத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகத் திரும்பி வருகிறது. அதைக் கழித்தாலும் ஒரு டேங்க் என்பது சில மாதச் சோறு. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் எத்தனால் ஆலைக்குள் போகிறது.

2007 ஜனவரியில் மெக்சிகோவில் சோள ரொட்டி விலை ஏறி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2007, 2008 உணவு விலை ஏற்றத்துக்கு வறட்சி, எண்ணெய் விலை, ஏற்றுமதித் தடைகள் என்று பல காரணங்கள். தாவர எரிபொருளும் அதில் ஒன்று என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், எவ்வளவு என்பதில்தான் சண்டை. இந்தியா 2023 டிசம்பரில், கரும்பு விளைச்சல் குறையும் என்ற பயத்தில், கரும்புச் சாற்றை நேரடியாக எத்தனாலுக்குத் திருப்புவதைக் கட்டுப்படுத்தியது. மழை பொய்த்தால் முதலில் கை வைப்பது எரிபொருளுக்குப் போகும் பங்கில்தான். வைக்கவும் வேண்டும்.

சரி, கார்பனாவது குறைகிறதா?

எந்தப் பயிர், எந்த நிலம் என்பதைப் பொறுத்தது. கரும்பு எத்தனால் நல்ல பேர் வாங்குவதற்குக் காரணம் சக்கை. சாறு பிழிந்த சக்கையையே கொளுத்தி ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள். மக்காச்சோள ஆலைக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு வேண்டும்; வயலுக்குப் போடும் நைட்ரஜன் உரமும் எரிவாயுவிலிருந்து வந்ததே.

நிலம் என்கிற கணக்கைச் சேர்த்தால் இன்னும் சிக்கல். உணவுக்கு விளைந்த வயல் எரிபொருளுக்குப் போனால், அந்த உணவை விளைவிக்க வேறெங்கோ புல்வெளியை உழுவார்கள், காட்டை அழிப்பார்கள். 2008இல் அமெரிக்க ஆய்வாளர் திமோத்தி சர்ச்சிங்கர் குழுவினர் இதைக் கணக்கில் கொண்டுவந்த பிறகு விவாதமே மாறியது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மக்காச்சோள எத்தனாலின் கார்பன் பெட்ரோலை விடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை, 24 சதவீதமாவது அதிகமாக இருக்கலாம் என்றது. அமெரிக்க அரசின் ஆர்கான் ஆய்வகமோ பெட்ரோலை விட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு என்கிறது. இத்தனை பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் நிலமாற்றத்தை எப்படி எண்ணுகிறோம் என்பதே. பாமாயில் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. காடழிப்பு ஆபத்து அதிகம் என்று சொல்லி, 2030க்குள் தன் புதுப்பிக்கத்தக்க கணக்கிலிருந்து அதை நீக்குகிறது.

இந்த எரிபொருளுக்காக வயலில் உழைப்பவர்கள் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் குடியேற்றமும் எரிபொருளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலக் கரும்பு வயல்களில் பல பத்தாண்டுகள் வெட்டியவர்கள், வறண்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அறுவடைக் காலத்துக்கு வந்த தொழிலாளர்கள். தோகையைக் கொளுத்திவிட்டு, கரியும் சாம்பலுமாகக் கிடக்கும் கரும்பை அரிவாளால் வெட்டுவார்கள். கூலி டன் கணக்கில், அதனால் நாளைக்குப் பத்து டன்னுக்கு மேல் வெட்டுவது சாதாரணம். 2000களில் வயலிலேயே சுருண்டு விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்தன. 2002 சட்டமும் 2007 ஒப்பந்தமும் தோகை எரிப்பைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னதும் ஆலைகள் அறுவடை இயந்திரத்துக்கு மாறின. ஒரு இயந்திரம் 80 முதல் 100 பேரின் வேலையைச் செய்யும். காற்று சுத்தமானது, கொடுமையான வேலை ஒழிந்தது. கூடவே அந்தக் குடும்பங்களின் பருவ வருமானமும் போனது. இயந்திரம் ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி கிடைத்தவர்கள் ஒரு சிலர்தான்.

பாமாயிலில் இன்னும் பெரிதாக இயந்திரம் வரவில்லை. மலேசியத் தோட்டங்களில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் குலையை அறுத்து இறக்குபவர்களில் பெரும்பகுதி இந்தோனேசியா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒரு குலை 20 கிலோ இருக்கும், அறுத்து ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். 2020இல் எல்லைகள் மூடப்பட்டு ஆட்கள் வராமல் போனதும் குலைகள் மரத்திலேயே அழுகின, உற்பத்தி சரிந்தது. குடியேற்றத்தை நிறுத்தினால் எரிபொருள் மலிவாகும் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்க்கலாம். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பது, முகவர் கட்டணத்துக்காகக் கடனில் மூழ்கடிப்பது போன்ற கொடுமைகளும் இந்தத் துறையில் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தொழிலாளிக்கு நியாயமான கூலி சேர்க்காத விலையை உண்மையான விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே நிலத்தில் சோலார் வைத்தால்?

இங்கேதான் என் கருத்து திடமாகிறது.

ஒரு ஹெக்டேர் நல்ல மக்காச்சோள வயல் ஆண்டுக்கு 11 டன் தரும். அதிலிருந்து சுமார் 4,600 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் கார் என்றால் 46,000 கி.மீ. கரும்பானால் 6,000 லிட்டர், 60,000 கி.மீ.

அதே ஒரு ஹெக்டேரில் தகடுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அரை மெகாவாட் சோலார் வைப்போம். நடுத்தரமான வெயிலில் ஆண்டுக்கு 7 லட்சம் யூனிட். மின்கம்பி, பேட்டரி இழப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 5,60,000 யூனிட். யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் மின்சாரக் கார் 33 லட்சம் கி.மீ. போகும். கரும்பை விட 50 மடங்குக்கு மேல். என் அனுமானங்களில் பாதியைக் குறைத்துப் போட்டாலும் முடிவு மாறாது. செடி சூரிய ஒளியில் 1 சதவீதம் அளவுக்கே சேமிக்கிறது, தகடு 20 சதவீதத்தைப் பிடிக்கிறது. கார் எஞ்சின் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மின்மோட்டார் அப்படிச் செய்வதில்லை.

விலைப் போக்கும் அதே பக்கம்தான். பெரிய சோலார் நிலையத்தின் மின்சாரச் செலவு 2010க்கும் 2023க்கும் நடுவில் உலகச் சராசரியில் 90 சதவீதம் குறைந்தது. பேட்டரியும் ஏறக்குறைய அவ்வளவு. தொழிற்சாலையில் செய்கிற பொருள் செய்யச் செய்ய மலிவாகும். வயலில் விளைகிற பொருளுக்கு நிலம், மழை, உரம், கூலி என்று ஒவ்வொன்றும் அடித்தள விலை போடும். 1,000 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டிய பூமியில், சாலையில் ஓடும் கார்களுக்காக நல்ல விளைநிலத்தை ஒதுக்குவதை இனி என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வைக்கோல், சோளத்தட்டை ஆகியவற்றிலிருந்து எத்தனால் எடுப்போம் என்றார்களே?

2007 அமெரிக்கச் சட்டம், 2022க்குள் ஆண்டுக்கு 6,000 கோடி லிட்டர் இப்படி வர வேண்டும் என்றது. வந்தது அதில் மிகச் சிறிய துளி. அந்தக் கணக்கில் சேர்ந்ததிலும் பெரும்பகுதி குப்பைமேட்டு வாயு. டூபான்ட் நிறுவனம் அயோவாவில் 2015இல் திறந்த பெரிய ஆலையை 2017இலேயே நிறுத்திவிட்டு விற்க முடிவெடுத்தது. தட்டையைச் சேகரித்துச் சுமந்து வருவதே பெரும் செலவு, கூடவே வரும் மண்ணும் கல்லும் இயந்திரத்தை அரிக்கும், நார்ச்சத்தை உடைக்கும் நொதிகளும் மலிவில்லை. அறிவியல் வேலை செய்தது, கணக்கு கட்டவில்லை.

விமானத்தைப் பேட்டரியில் ஓட்ட முடியாதே?

நெடுந்தூர விமானத்தை முடியாது. பேட்டரியின் எடையே அதை எழும்ப விடாது. தாவர எரிபொருள் நிஜமாகத் தேவைப்படும் இடம் அது. ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில் புதுப்பிக்கத்தக்க வகையின் பங்கு 2025இல் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. 2024இல் உலக விமான எரிபொருளில் இதன் பங்கு 0.3 சதவீதம்தான், விலை வழக்கமான எரிபொருளை விட இரண்டு முதல் ஐந்து மடங்கு. இப்போதைக்கு முக்கிய மூலப்பொருள் பயன்படுத்திய எண்ணெயும் கொழுப்பும். உலகத்து வாணலிகள் எல்லாவற்றையும் வடித்தாலும் அது போதாது. பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயை விட நல்ல விலை கிடைத்தால், புது எண்ணெயையே பழையதென்று விற்கும் ஆசை வரும். கண்காணிப்பு கடுமையாக இருக்க வேண்டும்.

பசுமை ஹைட்ரஜன்?

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகும். அதற்குள் இருப்பது 33 யூனிட். அதைக் காரில் போட்டு ஓட்டினால், நேராகப் பேட்டரிக்குத் தந்திருந்தால் ஓடும் தூரத்தில் பாதிகூட வராது. உரம், எஃகு, கப்பலுக்கு எரிபொருளாகும் அம்மோனியா ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்வதே சரி.

மக்கள்தொகை வேகமாக வளரும் நாடுகளுக்கு எது கட்டுப்படியாகும்?

2022இல் மின்சாரம் இல்லாதவர்கள் சுமார் 68.5 கோடி, ஐந்தில் நான்கு பேர் சஹாராவுக்குத் தெற்கே. பத்தாண்டில் முதல் முறையாக அந்த எண்ணிக்கை அந்த ஆண்டு கூடியது. புது இணைப்புகள் தரப்பட்டன, ஆனால் பிறந்த குழந்தைகள் அதைவிட அதிகம். மக்கள்தொகை வளர்ச்சி உண்மையில் கடிக்கும் இடம் இது. 200 கோடிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் விறகு, கரி, சாணம் வைத்துத்தான் சமைக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

அவர்களுக்குக் கலப்பு எரிபொருள் கட்டாயம் தேவையில்லை. கூரைமேல் தகடு, சிறு மின்கட்டமைப்பு, உயிர்வாயு அடுப்பு, தேவையான இடத்தில் சமையல் எரிவாயு. சமையல் எரிவாயு புதைபடிவ எரிபொருள்தான், இருந்தாலும் புகையை நிறுத்துகிறதென்றால் தயங்கக் கூடாது. சிக்கல் வட்டியில் இருக்கிறது. சோலாரில் செலவெல்லாம் முதல் நாளே வந்துவிடும், ஏழை நாட்டுக்கு அந்தக் கடன் அதிக வட்டிக்கே கிடைக்கும். குடியேறியவர்கள் இங்கே மறுபடி வருகிறார்கள்: உலக வங்கிக் கணக்கில், 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 65,000 கோடி டாலர், அந்த நாடுகளுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டை விட அதிகம். வட்டியில்லாமல், நேராகக் குடும்பத்தின் கைக்குப் போகும் மூலதனம் அது. பணம் அனுப்பும் கட்டணத்தைக் குறைப்பதும் ஓர் ஆற்றல் கொள்கையே.

மக்கள்தொகை குறையும் நாடுகளுக்கு எரிபொருள் பிரச்சினை தானாகத் தீருமா?

தீராது. ஜப்பானைப் பாருங்கள். 2010க்கு முன்பே உச்சத்தைத் தொட்டு, இப்போது ஆண்டுதோறும் சுருங்குகிறது. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. 2012இல் மரத்தை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்கும் நல்ல விலை தரத் தொடங்கினார்கள். ஆலைகள் வந்தன. மரமோ கனடா, அமெரிக்கா, வியட்நாமிலிருந்து கட்டிகளாகக் கப்பலில் வருகிறது. செங்குத்தான மலைச்சரிவில் மரம் வெட்டிக் கீழே கொண்டுவர ஆட்கள் போதவில்லை, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. கடல் கடந்து வரும் மரத்துக்கு டாலர் விலையும் கப்பல் வாடகையும் சேர்கின்றன. அது எவ்வளவு பசுமை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 2019இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் புது விசா திறந்த ஜப்பான், 2024இல் அந்தத் துறைப் பட்டியலில் வனத்தொழிலையும் மரத்தொழிலையும் சேர்த்தது.